போதும் அக்கா

எங்கள் தெருவில் அவளைக் கண்டு ஓடி ஒளியாத பெண் கிடையாது. நானும் ஒளிந்திருக்கிறேன். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒருநாள் அவள் குடை தெருமுனையில் தெரிந்ததும், தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிக் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டேன். சத்தம் அடங்கியதும் வெளியே வந்து பார்த்தால், என் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நான் பாதியில் விட்ட பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"குளிச்சாச்சா? தலை நனையவே இல்லையே" என்றாள்.

அரசாங்க சுகாதார நிலையத்தில் அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு வேலை. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசி ஆபரேஷனுக்கோ மாத்திரைக்கோ சம்மதிக்க வைக்க வேண்டும். மற்ற ஊழியர்கள் வாசலில் நின்றபடியே பாடம் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். இவள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள். முதல் தடவை விஷயத்தையே எடுக்க மாட்டாள். தண்ணீர் கேட்பாள். நாம் வெங்காயம் உரித்தால் தானும் நாலு உரிப்பாள். குழந்தை அழுதால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். இரண்டாம் தடவை நம்மை மாமியாரைப் பற்றிப் புலம்ப விடுவாள். மூன்றாம் தடவைதான், கிளம்புகிற நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே நம் வயிற்றை லேசாகத் தட்டி, "இத்தோட போதும்மா, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்பாள். அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் போன பிறகு அந்தச் சொல் நம்மை விடாது, குடைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் தெரு அவளுக்குப் போதும் அக்கா என்று பேர் வைத்தது. அவள் புருஷன் லாரி ஓட்டினார், அவர் டிரைவர் அண்ணன். அக்காவுடைய புருஷன் எப்படி அண்ணன் ஆவார் என்று யாராவது முறை கேட்டால் எங்கள் தெருவில் பதில் கிடையாது.

இன்றைக்குத் தெருவில் பிள்ளைச் சத்தமே இல்லை என்று அவளைப் பழிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவர்களுக்கு என்ன தெரியும்? இந்தத் தெருவில் ஒரு அறைக்கு ஒன்பது பேர் படுத்தோம். காலை நீட்டினால் யார் முகத்திலாவது இடிக்கும். பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தார்கள். என் நாத்தனார் ஏழாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். முப்பது வயதுதான். அவளைக் கிடத்தியிருந்த அறையில் கடைசிப் பையன் என் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பசிக்கிறது என்று அழுதான். போதும் அக்கா எங்கள் தெருவுக்கு வந்த பிறகு பிரசவத்தில் ஒருத்திகூடச் சாகவில்லை. அதை யார் பேசுகிறார்கள்? நல்லது நடந்தால் அது தானாக நடந்தது, கெட்டது நடந்தால்தான் ஆள் தேடுவார்கள்.

அவளுக்கு ஒரே பெண். அதுவும் ஒரு கதைதான். பாப்பாவுக்கு இரண்டு வயது இருக்கும்போது, தண்ணீர்க் குழாயடியில் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள் அக்கா. ஐந்து பெற்ற ஒருத்தி குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஊருக்குத்தான் உபதேசமா? நீ செஞ்சுக்கிட்டியா மொதல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அக்கா ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டாள். திரும்பி வந்து அதே குழாயடியில் நின்று, "செஞ்சுக்கிட்டேன். இப்ப நீங்க வாங்க" என்றாள். அந்த வருஷம் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போன அளவுக்குப் பெண்கள் அதற்கு முன்னும் பின்னும் போனதில்லை. டிரைவர் அண்ணன் அப்போது நெடுந்தூர லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். வந்து விஷயம் தெரிந்ததும் அவளிடம் கத்தவில்லை, அடிக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும், "எனக்கு ரெண்டாவது ஒண்ணு வேணும்னு அவளுக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று சொன்னாராம். ரொம்ப நாளைக்கு வீட்டில் பேச்சு இல்லை. அப்புறம் அதுவும் பழகிவிட்டது. பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு லாரி ஹாரனை அடிக்க விடுவார்.

அதற்குப் பிறகு காலம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குத் துணியை வைத்துத்தான் சொல்லத் தெரியும். பள்ளி திறக்கிற மாதத்தில் என் வீட்டு வாசலில் சட்டைக்கும் பாவாடைக்கும் வரிசை நிற்கும். அந்த வரிசை மெல்லக் குட்டையாகி ஒரு வருஷம் இல்லாமலே போயிற்று. இப்போது நான் தைப்பதெல்லாம் படுக்கையில் கிடப்பவர்களுக்கு முதுகுப்பக்கம் திறந்து நாடா வைத்த சட்டைகள். பொம்மைக்கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்துவிட்டது. அதில் அதிகம் விற்பது டயப்பர், எல்லாம் பெரியவர்கள் அளவு. பிரசவ ஆஸ்பத்திரியில் இப்போது மூட்டு வலிக்குப் பார்க்கிறார்கள்.

மாநிலம் பெரிது. எல்லா இடத்திலும் இப்படியில்லை. இந்தக் கோடியில் நாங்கள் வற்றிக்கொண்டிருக்கிறோம், அந்தக் கோடியில் நகரங்கள் வீங்கிக்கொண்டிருக்கின்றன. தட்டைச் சாய்த்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடுவது மாதிரி இளசுகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். பெற்றதும் அங்கேதான், வளர்த்ததும் அங்கேதான். இதற்குப் போதும் அக்கா என்ன செய்வாள்? மூன்று பெற்ற நான் என்ன வாழ்ந்துவிட்டேன்? ஒருவன் அந்தக் கோடியில், இரண்டு பேர் கடல் தாண்டி. மூவரும் போனில் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், மாத்திரை போட்டாயா என்று.

தெருவிலேயே தங்கிய ஒரே பிள்ளை அக்காவின் பாப்பாதான். தெருக்கோடி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். நாற்பது தாண்டிவிட்டது, வீட்டில் இன்னும் பாப்பாதான். வந்த சம்பந்தங்கள் எல்லாம் "அப்பா அம்மாவையும் கூடவே கூட்டிட்டு வருவியா?" என்ற இடத்தில் வந்து முறிந்தன. அவளும் ஆமாம் என்று சொல்லாமல் இருந்ததில்லை. டிரைவர் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்த பிறகு சம்பந்தம் வருவதும் நின்றது.

அண்ணன் ஆறடி ஆள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போயிற்று. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததில் ஒருமுறை இடுப்பில் புண் வந்து, அது உள்ளே எலும்பு வரை போய், பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தடவை புண் வந்தால் தாங்காது, தினமும் எழுப்பி உட்கார வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் தினமும் காலையில் பாப்பா பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அம்மாவும் மகளும் சேர்ந்து அவரைத் தூக்குவார்கள். பாப்பா கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, அவர் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துப் பின்னாலிருந்து தூக்குவாள். அக்கா கால்களைப் பிடித்துத் திருப்புவாள். "ம், இப்போ" என்று ஒரு குரல். அவர் நாற்காலியில் இருப்பார். பள்ளி விட்டு வந்ததும் மறுபடி கட்டிலுக்கு. ஒருத்தியால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். அந்த வீட்டின் முழு வாழ்க்கையும் அந்த இரண்டு பேரில் நின்றது.

இந்த நிலையில்தான் பள்ளிக்கு உத்தரவு வந்தது. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளை மூடப்போகிறார்கள். ஆசிரியர்களை அந்தக் கோடிக்கு அனுப்புவார்கள், அங்கே பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படிக்கிறார்களாம். வேலை வேண்டுமென்றால் போய்த்தான் ஆக வேண்டும். பாப்பாவின் சம்பளம் இல்லாமல் அண்ணனின் மருந்து கிடையாது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ரயிலில் போகவும் முடியாது. எங்கள் பள்ளியில் இருந்தது பதினோரு பிள்ளைகள். அடுத்த மாத ஆரம்பத்தில் அதிகாரி வந்து வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணுவார்.

பாப்பா அன்றைக்கு அம்மாவிடம் பேசியபோது நான் அங்கே இருந்தேன், அண்ணனுக்குத் தைத்த சட்டையைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"அம்மா, மில்லுக்குப் பின்னாடி பெரிய கட்டடம் கட்டுறாங்கல்ல, அங்க வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க நிறைய இருக்கு. எல்லாம் மண்ணுல விளையாடிக்கிட்டுக் கிடக்குது. நான் ரெண்டு தடவ போனேன். என்னைப் பாத்தாலே கதவைச் சாத்திடுறாங்க. எனக்குப் பேசத் தெரியல. நீதான் வீடு வீடாப் போய்ப் பழகினவ."

அக்கா அண்ணனுக்கு வாயைத் துடைத்துவிட்டாள்.

"உன் வேலையால நான் ஒத்தையா நின்னேன். இந்த ஒரு தடவ அந்த வேலை எனக்கு உதவட்டும்மா" என்றாள் பாப்பா.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கே சுருக்கென்று தைத்தது. அக்கா எழுந்துபோய் அலமாரிக்கு மேலிருந்து, அந்த வேலைக்குத் தூக்கிப் போன பழைய ரெக்ஸின் பையை இறக்கித் தூசி தட்டினாள்.

மில்லுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் எதற்கு என்றால், வயதானவர்கள் தங்குவதற்கு. காசுள்ள பிள்ளைகள் பெற்றோர்களுக்காக அறை பதிவு செய்கிறார்களாம். கட்டுகிறவர்கள் எல்லாம் வேறு மாநிலத்து இளவட்டங்கள், வேறு மொழி. தகரக் கொட்டகைகளில் குடும்பத்தோடு இருந்தார்கள். நான் அக்காவுக்குத் துணையாகப் போனேன். எவ்வளவு காலம் கழித்து அத்தனை பிள்ளைகளின் சத்தத்தை ஒன்றாகக் கேட்டேன்! ஒருத்தி ஒன்றைக் குளிப்பாட்டுகிறாள், இன்னொன்று சோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, மூன்றாவது மணல் குவியல் மேலிருந்து உருண்டு வருகிறது. அக்கா அப்படியே நின்று பார்த்தாள்.

"நம்ம தெரு இப்படித்தான இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சு, இருந்துச்சு. நீதான் முற்றுப்புள்ளி வச்சு முடிச்சு வச்சியே" என்றேன் வேடிக்கையாக. அவள் சிரிக்கவில்லை.

பிறகு நான் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. எழுபது வயதில், மொழி தெரியாத இடத்தில், அவள் தன் வேலையைச் செய்தாள். முதல் தடவை பள்ளி என்ற பேச்சையே எடுக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டிக் கேட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தானும் இரண்டு பாத்திரம் தேய்த்தாள். அவள் வயிற்றுப் பிள்ளைக்காரி, ஐந்தாவது. முட்டி வரை வீங்கிய காலை நீட்டி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை அவள் கால் வீக்கத்துக்கு எண்ணெய் கொண்டுபோய்த் தடவிவிட்டாள். இரண்டு மொழியும் தெரிந்த மேஸ்திரி அங்கே இருந்தார், எங்கள் பக்கத்துக்காரர். அவரை நடுவில் வைத்து மெல்லப் பள்ளியைச் சொன்னாள். மதியச் சாப்பாடு உண்டு, டீச்சர் என் மகள்தான், அடிக்க மாட்டாள், நானே காலையில் வந்து கூட்டிக்கொண்டு போவேன். அந்த வயிற்றுக்காரிதான் முதலில் தலையாட்டினாள். அவள் ஆட்டியதும் மற்றவர்களும் ஆட்டினார்கள். பன்னிரண்டு பிள்ளைகள்! திரும்பி வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பதினொன்றும் பன்னிரண்டும் இருபத்து மூன்று என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாப்பா அன்றைக்கு அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டாள். அண்ணன் கோணிய வாயால் சிரித்தார்.

மூன்றாம் தடவை போக வேண்டிய அவசியமே இல்லை. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நாளைக்கு அதிகாரி வர்றாரு, இன்னிக்கு ஒருதரம் ஞாபகப்படுத்திட்டு வந்துரலாம்" என்று பிடிவாதமாகக் கிளம்பினாள்.

போனோம். பிள்ளைகள் குளித்துத் தலை சீவி நின்றன. நான் என்னிடம் கிடந்த பழைய பள்ளிச் சட்டைகளைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன், சிலதுக்குக் கை நீளம், சிலதுக்குப் பொத்தான் இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்புகிற நேரம். அக்கா செருப்பை மாட்டினாள். வயிற்றுக்காரி வழியனுப்ப எழுந்து வந்தாள். அவளுடைய நாலும் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றன. அக்கா அவளை அன்பாகப் பார்த்தாள். அந்த அன்பில் பொய்யே இல்லை. பார்த்துக்கொண்டே வயிற்றை லேசாகத் தட்டி, "இத்தோட போதும்மா, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். முப்பது வருஷம் மூன்றாம் தடவையில் சொன்ன சொல், மூன்றாம் தடவை வந்ததும் தானாக வெளியே வந்துவிட்டது. அவளுக்கே அது தெரியவில்லை. மேஸ்திரி அதற்குள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்துவிட்டார். அவருக்கு அது ஒரு வேடிக்கை. அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் அக்காவின் பையைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். யாரோ கொட்டகைக்குள்ளிருந்து சத்தமாக ஏதோ கேட்டார்கள், இவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"என்ன ஆச்சு? என்ன சொன்னேன்?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

சொன்னேன். அவள் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மேஸ்திரியின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "ஐயோ, அப்படியில்லப்பா. வாய் தவறிடுச்சு. அவங்ககிட்ட சொல்லு. எனக்கு அந்த வேலையே இப்ப இல்ல. ரிட்டயர் ஆகி எத்தனையோ காலம் ஆச்சு. பிள்ளைங்க படிக்கத்தான் வந்தேன்." மேஸ்திரி என்னென்னவோ சொன்னார். பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். தகரக் கதவுகள் சாத்திக்கொண்டன. நான் போட்டுவிட்ட சட்டைகளைக் கழற்றி வெளியே ஒரு பலகை மேல் மடித்து வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் மேஸ்திரி என் வீட்டுக்கு வந்து விளக்கினார். அவர்கள் ஊரில் ஒருமுறை இப்படித்தான், பிள்ளைகளுக்குத் துணி கொடுக்கிறோம், பள்ளியில் சேர்க்கிறோம் என்று இனிக்க இனிக்கப் பேசிப் பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே நாளில் வரிசையாகப் படுக்க வைத்து அறுத்தார்களாம். சிலர் பிழைக்கவில்லை. அந்த வயிற்றுக்காரியின் கூடப்பிறந்த அக்கா அதில் ஒருத்தி.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்மா. எண்ணெய் தடவினதுகூட அதுக்குத்தான்னு சொல்றாங்க" என்றார்.

அக்கா அன்றைக்கும் போனாள். போகாதே என்று சொன்னால் கேட்கிறவளா? கொட்டகை கொட்டகையாகத் தட்டினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே பிள்ளைகளின் வாயைப் பொத்தியிருந்தார்கள் போல, அவ்வளவு பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒரு சத்தம் இல்லை. அவள் பள்ளிக்குத் திரும்பி வந்தபோது அதிகாரி எண்ணி முடித்துவிட்டார். பதினோரு பேரிலும் அன்று ஒருவனுக்குக் காய்ச்சல்.

பாப்பா அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குப் பாரம் குறைந்திருக்கும். துணிகளை மடித்து வைத்தாள், அப்பாவின் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துச் சிறு டப்பாக்களில் போட்டாள், தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "அப்பாவைத் தூக்க யாராவது ஆள் கிடைச்சா சொல்லுங்க" என்று கேட்டாள். கூலி கொடுத்தாலும் ஆள் இல்லை. தூக்குகிற வயதில் இருப்பவன் இங்கே ஏன் இருக்கப்போகிறான்? கடைசியில் என்னிடம் வந்தாள்.

"சித்தி, நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க. முதல் லீவுக்கு வந்துடுவேன்."

"போய்ட்டு வாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? கிளம்பும் முன் அவள் அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அண்ணன் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

புதுப் பள்ளியில் பாப்பா சேர்ந்த அன்று காலையில் அக்கா என்னைக் கூப்பிடவில்லை. அவள் ரோஷம் எனக்குத் தெரியும். போர்வையை முறுக்கி அண்ணனுக்கு அடியில் கொடுத்துத் தானே இழுத்திருக்கிறாள். அவர் பாதி வந்து, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் சரிந்துவிட்டார். சத்தம் கேட்டு நான் ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம். பக்கத்து வீட்டிலிருந்து பழைய கம்பவுண்டர் வந்தார், அவருக்குக் குடல் இறக்கம், குனியவே கூடாது. எதிர்வீட்டு பேங்க் அம்மா வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தாள். நாலு பேரும் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அண்ணன் அசையவில்லை. கம்பவுண்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் நாலு பேர் வயதையும் கூட்டினால் முந்நூறு வரும், பலத்தைக் கூட்டினால் ஒரு தலையணை தேறும்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அடி பட்டிருக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று கேட்டார்கள். இல்லை, தூக்கிக் கட்டிலில் விட ஆள் வேண்டும் என்றேன்.

"அதுக்கெல்லாம் வண்டி வராதும்மா. வீட்ல இருக்கற பசங்களைத் தூக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அண்ணன் தலைக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டு, கட்டடத்து ஆட்கள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருந்தோம். அக்கா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். மதியம் பாப்பா போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அம்மா, என் கிளாஸ்ல அறுபத்தி மூணு பிள்ளைங்கம்மா! ஜன்னல் மேலல்லாம் ஏறி உக்காந்திருக்குதுங்க. பேர் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுது. அப்பா எங்க? உக்கார வச்சியா?"

"வச்சிட்டேன்மா. நாற்காலியில உக்காந்துக்கிட்டு உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கார்" என்றாள் அக்கா.

அண்ணன் தரையில் கிடந்தபடி அவளைப் பார்த்தார். அவர் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் கட்டடத்து ஆட்கள் எங்கள் தெரு வழியாகக் கடைக்குப் போனார்கள். அக்கா வாசலில் போய் நின்றாள். அவளைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர் ஓரத்துக்கு மாறினார்கள். அவள் வாயைத் திறக்கவே பயந்து நின்றாள். நான்தான் மேஸ்திரியைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஒரு பையனை உள்ளே கூட்டி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், சிமெண்டுப் புழுதி படிந்த கை. அவன் ஒரு முழங்காலை ஊன்றி, அண்ணனின் கைக்கு அடியில் கையைக் கொடுத்து, பக்கத்து ஆளின் உதவிகூட இல்லாமல் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டான். காலையிலிருந்து நாலு பேர் மல்லுக்கட்டிய வேலை. அண்ணனின் இடுப்பில் சட்டை ஒட்டியிருந்த இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அவன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் ஏதோ கேட்டான்.

"இவருக்குப் பிள்ளைங்க இல்லையான்னு கேக்கறான்" என்றார் மேஸ்திரி.

"ஒரு பொண்ணு இருக்கா. வேலைக்குப் போயிருக்கா" என்றாள் அக்கா.

அவன் ஒற்றை விரலைக் காட்டி, சரிதானா என்பது போல அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் மெல்ல ஏதோ சொன்னான். மேஸ்திரி அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்லம்மா. தனி மரம் தோப்பாகாதுன்னு நாம சொல்வோம்ல, அந்த மாதிரி ஒண்ணு."

அக்கா உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்காமல் கதவுப் பக்கம் பார்த்தான். வெளியே அந்த வயிற்றுக்காரி நின்று உரத்த குரலில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையிலும் வரச் சொல்லுப்பா. கூலி கொடுத்துடறேன். தினமும் ஒரு நிமிஷ வேலைதான்."

மேஸ்திரி கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான்.

"அவன் வீட்டுக்காரி விட மாட்டாம்மா. இந்த வீட்டுக்குள்ள காலே வைக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காளாம். இன்னிக்கு வந்ததுக்கே வெளிய நின்னு கத்தறா."

அவர்கள் போனார்கள். கம்பவுண்டரும் பேங்க் அம்மாவும் முன்பே போயிருந்தார்கள். அக்கா புண் வரும் இடத்தில் மருந்தைத் தடவினாள். அவர் மீது போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையில யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டாள்.

தெருவில் இருக்கும் வீடுகளை ஒவ்வொன்றாக மனதில் தட்டிப் பார்த்தேன். பதில் சொல்ல எனக்கு ஒரு பேரும் கிடைக்கவில்லை.